பருப்பை நிறுத்துமுன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று கிளினிக்கில் சொன்னதும், நம் செர்டாங் பக்கத்தில் முதலில் நிறுத்தப்படுவது பருப்பு. பாஸ்பரஸ் கூடாதாம் என்று சாம்பார் நின்றுபோகிறது, கொண்டைக்கடலை நின்றுபோகிறது. கோயிலில் கொடுக்கும் சுண்டலைக்கூட வாங்க விடமாட்டார்கள். அதே வீட்டில் காலையில் த்ரீ-இன்-ஒன் கோப்பி கலக்குகிறார்கள். ஐஸ்பெட்டியில் கோழி நக்கெட்டும் சோசேஜும் அடுக்கியிருக்கின்றன. ராத்திரிக்கு மீன் உருண்டை போட்ட மீ. நோயாளியின் ரத்தத்தில் பாஸ்பேட்டை, அதாவது பாஸ்பரஸின் உப்பு வடிவத்தை, வேகமாக ஏற்றுவது தொழிற்சாலையில் பாஸ்பேட் சேர்த்துவரும் இந்த இரண்டாவது வரிசைதான். எதை முதலில் விட வேண்டும், எதை அளவோடு வைத்துக்கொள்ளலாம் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களும் படியுங்கள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவருபவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

இந்த நூலில் இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கக் காரணம் உண்டு. மலேசியாவில் 2011-இல் பெரியவர்களில் 100-க்கு 9 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2018-இல் எடுத்த கணக்கில் அது 15 பேருக்கு மேல். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் இனிப்பு நீருக்கு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காட்டைத் தாண்டியது. நம் குடும்பங்களில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவரை அறியாதவர் குறைவு.

உரமும் இதுவும் ஒன்றா?

தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்குப் பாஸ்பேட் பழகிய பெயர். கிறிஸ்மஸ் தீவிலிருந்து வரும் பாறைப் பாஸ்பேட்டை மூட்டை பிரித்து ரப்பருக்கும் செம்பனைக்கும் வீசிய கைகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அதனால் 'சாப்பாட்டில் உரத்தைப் போடுகிறார்கள்' என்ற பேச்சு சீக்கிரம் பரவிவிடுகிறது. அது சரியான பேச்சு அல்ல. மூலம் பாறைதான் என்றாலும், உணவுக்கு வரும் பாஸ்பேட் சுத்திகரித்த பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து செய்யப்படுகிறது. அதில் ஆர்சனிக், ஈயம், ஃபுளூரைடு எவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதற்கு வரம்பு உண்டு. மீயிலும் மீன் உருண்டையிலும் சட்டவிரோதமாகச் சேர்த்துப் பிடிபடும் போராக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. போராக்ஸ் அப்படிச் சேர்க்கவே கூடாத பொருள். பாஸ்பேட் 1985-ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குவிதிகளின்கீழ் அனுமதி பெற்றது.

பாஸ்பரஸ் இல்லாமல் உடம்பும் இல்லை. உடம்பில் இருக்கும் பாஸ்பரஸில் 100-க்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதிதான் தசைக்குச் சக்தி கொடுப்பது முதல் உயிரணுக்களைக் கட்டுவதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 700 மில்லிகிராம் போதும். சோறு, மீன், பருப்பு, கீரை, முட்டை என்று சாதாரணமாகச் சாப்பிட்டாலே அது கிடைத்துவிடும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால், கூடுதலாகப் போவதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அது பழுதாகும்போதுதான் வெளியேற வேண்டியது ரத்தத்திலேயே தேங்குகிறது.

தொழிற்சாலை ஏன் சேர்க்கிறது?

தண்ணீரைப் பிடித்துவைக்க. பெரும்பாலான இறைச்சி, மீன் பண்டங்களில் இதுதான் முதல் காரணம். கோழியை அறுத்த பிறகு அதன் தசைப் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. அந்த இறைச்சியை அரைத்து, உறையவைத்து, திரும்பச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீர் வடிந்து சக்கைபோல் ஆகிவிடும். பாலிபாஸ்பேட் அந்தப் பூட்டை அவிழ்க்கிறது, புளிப்புத் தன்மையைக் குறைக்கிறது. புரதம் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்கிறது. சோசேஜைக் கடித்தால் சாறு வருவதும், மீன் உருண்டை துள்ளுவதும் இதனால்தான். எடையும் குறையாது என்பதால் விற்பவருக்கும் ஆதாயம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். நிபோங் தெபால் கடலோரத்திலிருந்து அன்றைக்கு வந்த இறாலையும், உரித்து உறையவைத்துப் பாக்கெட்டில் விற்கும் இறாலையும் தனித்தனி வாணலியில் எண்ணெய் விடாமல் வதக்குங்கள். புது இறால் கொஞ்சம் நீர்விட்டுச் சீக்கிரம் சுருண்டு சிவக்கும். பாஸ்பேட் கரைசலில் ஊறிய இறால் பச்சையாக இருக்கும்போதே கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். வாணலியில் போட்டதும் வெளுத்த நீர் குளம்போல் சேர்ந்து, வதங்குவதற்குப் பதிலாக அதிலேயே வேகத் தொடங்கும். வாயில் போட்டால் ரப்பர்போல் இருக்கும், கடல் வாசனை குறைவாக இருக்கும். உறையவைத்த எதிலும் கொஞ்சம் பனி நீர் இருக்கும் என்பதால் இதை உறுதியான சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு வித்தியாசம் மறக்காது.

த்ரீ-இன்-ஒன் கோப்பியில் வேலை வேறு. சூடான கோப்பியின் புளிப்பில் கிரீமரில் இருக்கும் பால் புரதம் திரிந்துவிடும். டைபொட்டாசியம் பாஸ்பேட் அந்தத் திரிவைத் தடுக்கிறது. டின் பாலில் படிவு விழாமல் பார்த்துக்கொள்வதும், சீஸ் துண்டு எண்ணெய் பிரியாமல் வழுவழுவென்று உருகுவதும் பாஸ்பேட் உப்புகளால்தான். கறுப்புக் கோலாவின் சுரீர் என்ற புளிப்பு பாஸ்பாரிக் அமிலம். பேக்கிங் பவுடர் பலவற்றில் சோடாவோடு சேர்ந்து மாவை உப்பவைக்கும் புளிப்புப் பொருளும் பாஸ்பேட்தான். பவுடர் பானங்கள் கட்டிதட்டாமலிருக்கக் கால்சியம் பாஸ்பேட் போடுவார்கள். மீ செகேரா எனப்படும் உடனடி மீயிலும் அடிக்கடி இருக்கும்.

இந்தப் பண்டங்கள் நம் வீடுகளுக்குள் வந்ததற்கும் காரணம் உண்டு. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை 1996-இல் திறந்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் அம்மியில் அரைக்க முடியாது. பாக்கெட் உணவு நம் சமையலறைக்குள் வந்தது சோம்பலால் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நேரமும் காசும் போதாததால் வந்தது. அதனால் எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லும் ஆலோசனை இந்த நூலில் இருக்காது.

உடம்பில் எவ்வளவு சேர்கிறது?

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பருப்பு, கடலை, முழுத்தானியம் ஆகியவற்றில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவத்தில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்க வேண்டிய நொதி நம் குடலில் போதுமான அளவு கிடையாது. சேர்வது பாதிக்கும் குறைவு. மீன், கோழி, முட்டையில் இருப்பதில் 40 முதல் 60 விழுக்காடு சேரும். தொழிற்சாலையில் சேர்த்த பாஸ்பேட் உப்பு எதிலும் கட்டுப்படாதது. தண்ணீரில் கரைந்து 90 விழுக்காட்டுக்கு மேல் ரத்தத்துக்குப் போய்விடும்.

வேகவைத்த மைசூர்ப் பருப்பு ஒரு கப்பில் சுமார் 350 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். கேட்டால் பெரிய எண்தான். ஆனால் ஒரு கரண்டி சாம்பாரில் ஒரு கப் பருப்பு இருக்காது, இருப்பதிலும் பாதிகூட உடம்பில் சேராது. நாள் முழுக்கப் பாக்கெட் உணவாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், அதிகம் விற்கும் மளிகைப் பண்டங்களில் 44 விழுக்காட்டில் பாஸ்பேட் சேர்மானம் இருந்தது. அப்படிப்பட்ட பண்டங்களால் ஆன ஒருநாள் சாப்பாட்டில், சேர்மானம் இல்லாத சாப்பாட்டைவிட 736 மில்லிகிராம் பாஸ்பரஸ் கூடுதல். நம் ஊர்ச் சாப்பாடு அமெரிக்கச் சாப்பாடு அல்ல. ஆனால் நக்கெட்டும் சோசேஜும் பெர்கரும் இங்கேயும் அவைதான்.

736 என்றால் எவ்வளவு என்பது டயாலிசிஸ் செய்பவருக்குத்தான் சரியாகப் புரியும். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒருமுறைக்குச் சுமார் 800 மில்லிகிராம் பாஸ்பரஸை எடுக்கும். வாரத்தில் மூன்று முறை என்றால் 2400. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 340-தான் வெளியேறுகிறது. மீதி தேங்கினால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும், எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும். எலும்பு வலுவிழக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். தூங்கவிடாத தோல் அரிப்புக்கும் பல நேரம் இதுவே காரணம். இதயம் பாதிக்கப்படும்வரை வேறு அறிகுறி தெரியாமல் போகலாம்.

சேர்மானத்தை மட்டும் தவிர்த்தால் பலன் இருக்குமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் டயாலிசிஸ் நோயாளிகள் 279 பேரை வைத்து நடத்திய சோதனை 2009-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குக் கடையிலும் துரித உணவகத்திலும் பாஸ்பேட் சேர்த்த பண்டங்களை அடையாளம் கண்டு ஒதுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவர்களுடைய பாஸ்பேட் அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இறங்கியது. நம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் வரும் அளவில் சொன்னால் லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிமோல். புது மருந்து எதுவும் கொடுக்காமல் கிடைத்த பலன் இது.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஆபத்தா?

அளவோடு இருந்தால் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு 1982-இல் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 70 மில்லிகிராம் பாஸ்பரஸ்வரை தாங்கும் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதை 40 மில்லிகிராமாகக் குறைத்தது. உணவில் இயற்கையாக இருப்பதும் இந்தக் கணக்கில் அடக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2400 மில்லிகிராம். எளிதில் எட்ட மாட்டார். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 800-தான். சோசேஜ், சீஸ், கோலா, பால் பவுடர் என்று நாள் முழுக்கப் போனால் பிள்ளை அதைத் தாண்டிவிடக்கூடும். ஐரோப்பாவில் குழந்தைகளும் பதின்வயதினரும் தாண்டுகிறார்கள் என்று அந்த ஆணையமே கண்டது. சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் பழுதானவர்களுக்கு இந்த எண் பொருந்தாது என்றும் அது சொல்லியிருக்கிறது. 'அரசாங்கம் அனுமதித்ததுதானே' என்ற பேச்சு அவர்களுக்கு உதவாது. இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உள்ள பலருக்குத் தங்கள் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் எதைத் தேடுவது?

பாக்கெட்டின் முன்பக்கத்தை விடுங்கள். பின்பக்கத்தில் 'ராமுவான்' அல்லது 'பாஹான்-பாஹான்' என்ற இடத்துக்குப் போங்கள். 'ஃபொஸ்ஃபாட்' என்ற சொல் எந்த வடிவில் இருந்தாலும் அது இதுதான்: டைஃபொஸ்ஃபாட், ட்ரைஃபொஸ்ஃபாட், பொலிஃபொஸ்ஃபாட், அசிட் ஃபொஸ்ஃபோரிக். பெயர் போடாமல் எண் மட்டும் போட்டிருந்தால் 338 முதல் 341 வரை, பிறகு 343, 450, 451, 452. இந்த எட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் போதும். எண்ணுக்கு முன்னால் 'இ' அல்லது 'ஐ.என்.எஸ்.' என்று இருக்கும், பின்னால் அடைப்புக்குறிக்குள் சின்ன ரோம எண் ஒட்டியிருக்கும். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்.

சில பாக்கெட்டில் 'கொண்டிசியோனெர் மக்கானான் யாங் டிபெனார்க்கான்' என்ற வரியோடு நிறுத்திவிடுவார்கள். அனுமதிக்கப்பட்ட பதப்படுத்திப் பொருள் இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. பாஸ்பேட்டாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், இறைச்சி, மீன் பண்டத்தில் இந்த வரி மட்டும் இருந்தால் பாஸ்பேட் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேறு வாங்குங்கள். பசார் மாலாமில் கம்பியில் குத்திப் பொரித்துத் தரும் உருண்டைகளுக்கும் பெர்கருக்கும் லேபிளே கிடையாது. அவற்றையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

சமையலறையில்

நக்கெட்டை விடுவதுதான் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கடினம். கோழி நெஞ்சுக்கறியை விரல் அளவு நறுக்கி, மஞ்சள், மிளகு, கொஞ்சம் இஞ்சிபூண்டு தடவி, அரிசி மாவில் புரட்டி ஞாயிற்றுக்கிழமையே பொட்டலம் கட்டி உறையவையுங்கள். ஷிப்டு முடிந்து வந்து பொரிக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். கோழியைத் துண்டாக, ஊறவைக்காததாக வாங்குங்கள். மீன் உருண்டை வேண்டியே ஆக வேண்டும் என்றால் தனியாகக் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சேருங்கள். ஓரளவு பாஸ்பேட்டும் உப்பும் அதில் போய்விடும், முழுதும் போகாது.

காலையில் கோப்பி ஓ போட்டு, அதில் ஒரு தேக்கரண்டி பால் விட்டுக்கொள்ளுங்கள். பாலிலும் பாஸ்பரஸ் உண்டுதான். ஆனால் ஒரு தேக்கரண்டியில் இருப்பது சொற்பம். கோலாவை நிறுத்திவிடுங்கள். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும்போது கோலா கொடுக்கும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. சிறுநீரக நோயாளிக்கு அதற்குப் பதில் சீனி கரைத்த நீரோ குளுக்கோஸோ கொடுங்கள். ஆரஞ்சுச் சாறு வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

பருப்பைப் பொறுத்தவரை, அதிலும் பொட்டாசியம் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருப்பவர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து டயட்டீஷியன் சொல்வார். அதுவரை தானாக முடிவெடுத்து நிறுத்தாதீர்கள். டயாலிசிஸ் தொடங்கியவருக்குப் புரதம் முன்பைவிடக் கூடுதலாகவே தேவை. பருப்பையும் முட்டையையும் மீனையும் பயந்து விட்டவர் மெலிந்துபோவதுதான் மிச்சம்.

கால்சியம் கார்பனேட் போன்ற பாஸ்பேட் பிடிக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பேட்டைப் பிடிக்க அங்கே உணவே இருக்காது. குடல் சோதனைக்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் சில மருந்துகள் பாஸ்பேட் உப்பால் ஆனவை. அமெரிக்க மருந்துத் துறை 2008-இல் இவற்றைப் பற்றி எச்சரித்தது. அப்படிச் சோதனை எழுதிக்கொடுத்தால் சிறுநீரக நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

நம் நாட்டு லேபிளில் சக்தி, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, சர்க்கரை எவ்வளவு என்று போட வேண்டும். பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம் என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. பெயரையும் எண்ணையும் வைத்து நோயாளி ஊகித்துக்கொண்டிருக்க, அளவு தொழிற்சாலைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இது நியாயமில்லை. உணவில் என்ன கலக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது உரிமை என்பதைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1970-களிலிருந்து சொல்லிவருகிறது. 2019-இல் காலமான எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் அந்தக் குரல் தோட்டங்கள்வரை வந்தது. பாஸ்பரஸ் அளவை லேபிளில் போடச் சொல்லும் விதி வந்தால், பாக்கெட் உணவைத் தவிர்க்க முடியாத ஷிப்டுத் தொழிலாளிக்கும் குறைவானதைத் தேர்ந்தெடுக்கும் வழி கிடைக்கும். லேபிளில் வெறும் 'கொண்டிசியோனெர்' என்று மட்டும் போட்ட பாக்கெட்டைக் கண்டால், அதில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டு எந்தப் பாஸ்பேட், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டில் நோயாளி இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.